கரண்டு போன நேரம்

எங்கள் மலையில் கரண்டு போனால் யாரும் திட்டுவதில்லை, ஸ்டூலைத்தான் எடுப்பார்கள். எங்கோ ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழும். மறு நிமிடம் ஹோல்டர் மாற்றுகிறவர், ஸ்விட்ச் போர்டைக் கழற்றுகிறவர், மோட்டார் ஒயருக்கு டேப் சுற்றுகிறவர் என்று தெருவே சுறுசுறுப்பாகிவிடும். எல்லாம் வாரக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலைகள். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யும் வழக்கம் இங்கே இல்லை. பாதி வீடுகளில் மெயின் ஸ்விட்ச் மழை ஈரத்தில் துருப்பிடித்து அசையவே அசையாது. "கரண்டு இல்லீங்க, கை வெக்கலாம்" என்பதுதான் நாங்கள் படித்த மொத்த மின்சாரப் பாடம்.

அந்தப் பாடத்தை நம்பித்தான் என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தன்னுடைய கிதார் ஆம்ப்ளிஃபையருக்குள் இடது கையை விட்டார். அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆறடி தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த இடது கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் அவர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர், உரமூட்டைக்கும் மருந்து டின்னுக்கும் காவல். சனிக்கிழமை மாலையானால் ஏரிக்கு மேலே உள்ள ஒரு ரிசார்ட்டில் கிதார் வாசிப்பார். கிதாரில் இடது கைதான் சுரம் பிடிக்கிற கை. அதற்காக அவர் அந்தக் கையைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்திருந்தார். விறகு பிளக்க மாட்டார், சிலிண்டர் தூக்க மாட்டார், அரிவாள்மனை பக்கமே வரமாட்டார். கேட்டால், "இது வித்தை இருக்கிற கை அம்மிணி, உன்ற கையாட்டவா?" என்பார். பதினாறு வருடமாக இந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்னிடம் எல்லா வேலையையும் வாங்கிவிட்டார்.

என் கையின் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில் ஒரு யுபிஎஸ் கம்பெனியில் ஆறு வருடம் டெஸ்டிங் மேசையில் இருந்தேன். எங்கள் மேசைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும்: 'அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் கை வைக்காதே.' காரணம் கண்டென்சர். மாத்திரை டப்பி அளவில் உருளையாக இருக்கும். ஓடும்போது கரண்டைக் குடித்து வயிற்றில் வைத்துக்கொள்ளும். ஊரில் கரண்டு போய்விட்டது என்பதற்காக அது தன் வயிற்றில் இருப்பதைக் கொடுத்துவிடாது. சின்னச் சாமானில் அது பொறி தட்டும், பெரிய சாமானில் ஆளையே முடித்துவிடும். மேசையில் எங்களுக்கு இது பாலபாடம்.

அவருடைய ஆம்ப்ளிஃபையர் பெரிய சாமான். பழைய வால்வு செட். ஒரு போர்டிங் ஸ்கூலில் இசை வகுப்புக்கு வைத்திருந்ததை வேண்டாமென்று தள்ளியபோது எடுத்து வந்தார். கண்ணாடிக் குப்பிக்குள் கனலும் வால்வுகளால்தான் கிதாரின் குரல் அவ்வளவு கதகதப்பாக வரும் என்பார், அது உண்மைதான். அந்த மழைக்காலத்தில் இரண்டு பெரிய வால்வுகளும் ஓய்ந்துவிட, பெங்களூரிலிருந்து புது ஜோடியை வரவழைத்துத் தானே மாட்டினார். மாட்டினால் போதாது. வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்டு குடிக்கலாம் என்று ஓர் அளவு வைக்க வேண்டும், அதற்கு பயாஸ் என்று பெயர். பஸ் நிற்கும்போது என்ஜின் ஓடுகிற மாதிரி அது. மெதுவாக ஓடினால் சரி. நின்ற இடத்திலேயே முறுக்கிவிட்டால் மலை ஏறாமலே என்ஜின் சூடாகி வீணாகும்.

அவருடைய புது வால்வுகள் அப்படித்தான் ரிசார்ட்டில் வைத்துச் சூடாயின. உள்ளே இருக்கும் தகடு செங்கல் சூளைபோலச் சிவந்துகொண்டே போனது. நான் அன்று கூடப் போயிருந்தேன். கிட்டே போய், "ஏனுங்க, பயாஸ் வெக்காம ஓட்டாதீங்க, வால்வு போயிரும்" என்றேன். டிரம்ஸ்காரர், மேனேஜர், டீ கொண்டுவந்த அம்மா எல்லோரும் நின்றார்கள். அவர் மைக்கை மூடக்கூட இல்லை. "எங்கூட்டு அம்மிணி பெரிய இஞ்சினீயருங்க. கம்பெனியில ஆறு வருசம் நட்டு முறுக்கியிருக்காங்க" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, இதற்கு உனக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அந்த நாள் எட்டாவது நாளே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சோற்றுக்குப் பிறகு ஆம்ப்ளிஃபையரை முன்னறை மேசைமேல் ஏற்றிப் பின்பலகையைக் கழற்றி ஓடவிட்டார். வால்வு மறுபடியும் சிவந்தது. பயந்துபோய் ஸ்டாண்ட்பை ஸ்விட்சைத் தட்டினார். அந்த ஸ்விட்ச் கதவைச் சாத்துகிற மாதிரி. வால்வுக்குப் போகிற வழி அடைபடும், ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற கண்டென்சர் நிறைந்தபடியே இருக்கும். சரியாக அந்த நேரம் வெளியே மழைக்குள் படாரென்று ஒரு சத்தம். கரண்டு போய்விட்டது.

எதிர்வீட்டில் எஸ்டேட் ரைட்டர் குடியிருக்கிறார். தோட்டத்தில் ஆட்களுக்குப் பேர் எழுதுகிற வேலை. அவர் அதற்குள் ஸ்டூலும் கையுமாக வாசலுக்கு வந்து, குடைக்கடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க ஸ்டோர், கரண்டு போயிருச்சுங்க! சித்த நேரத்துக்கு வராது. வேல எதுனா இருந்தா முடிச்சுக்கங்க!"

"ஆமாங்க, நல்ல நேரத்துலதான் போயிருக்குது" என்றார் இவர்.

பயாஸ் வைக்க வேண்டுமானால் செட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரண்டு இல்லாத நேரத்தில் பயாஸ் வைப்பது, படுத்துத் தூங்குகிறவனிடம் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்ப்பது மாதிரி. அது அவருக்குத் தெரியவில்லை. எங்கேயோ ஒரு திருகு இருக்கிறது, விரலால் தடவிப் பார்த்தால் அகப்படும் என்று நினைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வலது முழங்கையைச் செட்டின் தகரப் பெட்டிமேல் ஊன்றினார். இடது கையை உள்ளே விட்டார். வித்தை இருக்கிற கையை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் தட்டியபடியே இருப்பதைப் பார்த்தேன். ஊன்றிய முழங்கையைப் பார்த்தேன். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் நடுவில் நெஞ்சு இருக்கிறது என்பதும் தெரியும். "எடுங்க" என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. கூடவே அந்த ஹாலின் சிரிப்பும் வந்தது. பட்டால்தான் புத்தி வரும், ஒரு தடவை படட்டும் என்று நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் சாக மாட்டார் என்பதற்கு என்னிடம் என்ன உத்தரவாதம் இருந்தது? ஒன்றுமில்லை. ஓர் அவரைக்காயின் நாரை உரித்து முடிக்கிற நேரம் நான் சும்மா இருந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ விரலைச் சொடுக்கினது மாதிரிதான் கேட்டது. அவர் ஸ்டூலோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டி விழுந்தார். கண் திறந்திருந்தது, வாய் கோணியிருந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் போனது. அவரைக்காயை எறிந்துவிட்டு ஓடி, மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி அலறினேன். அந்த அலறல் நடிப்பில்லை.

ரைட்டர்தான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். என் கணவர் குழறிக் குழறி, "ஷாக்குங்க" என்றார். ரைட்டர் உடனே குறுக்கிட்டார்.

"இல்லீங்க டாக்டர். கரண்டே இல்லீங்க. ஊரே இருட்டுங்க. நாந்தான் சொன்னனுங்க கரண்டு போயிருச்சுன்னு. எப்படிங்க ஷாக் அடிக்கும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "கூட இருந்தீங்களாம்மா?"

"இருந்தனுங்க. கரண்டு இல்லீங்க" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, அதுதான் அதன் அழகு.

மோதிர விரல் நுனியில் மிளகளவு வெள்ளையாக ஒரு தீக்காயம் இருந்தது. சூடான வால்வு பட்டிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. கை மரத்திருப்பதற்கு நரம்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, பதற்றப்படாமல் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தெரு அவரை விடவில்லை. கரண்டு இல்லாமல் ஷாக் அடித்த மனிதர் என்று பேர் வைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர், "அண்ணா, பாத்துங்க, தீப்பெட்டியத் தொட்டுறாதீங்க, அடிச்சுரும்" என்பார். எஸ்டேட்டில் உரமூட்டை இறக்குகிற பெண்கள்கூட மூட்டையைத் தொட்டுவிட்டு "ஐயோ, ஷாக்கு!" என்று துள்ளிக் காட்டுவார்களாம். அவரே வந்து சொன்னார். முதல் வாரம் அவர் எதிர்த்துப் பேசினார். "சத்தியமா அடிச்சுதுங்க" என்று ரைட்டரிடம் சண்டை போட்டார். ரைட்டர் சிரித்துக்கொண்டே, "அது வாயுங்க. எங்க சித்தப்பனுக்கும் இப்படித்தான் ஒரு பக்கம் இழுத்துச்சுங்க, பொறகு ரெண்டே மாசந்தானுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதல் அவருக்குள் இறங்கிவிட்டது. கரண்டு இல்லை. ஆகவே அது ஷாக் இல்லை. ஷாக் இல்லையென்றால் அது தன் உடம்பிலிருந்துதான் வந்திருக்கிறது. அவருடைய கணக்கு சுத்தமான கணக்கு, எங்கள் மலைப் பாடத்தின்படி அதில் பிழையே கிடையாது. தனக்குப் பாரிச வாயு தொடங்கிவிட்டது என்று நம்பினார். மூன்றாவது வாரமே விரல்கள் நன்றாக மடங்கின. நம்பிக்கைதான் திரும்பவில்லை. காலையில் டீ குடிக்கும் முன் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, சொன்னபடி கேட்கிறதா என்று சோதிப்பார். தலைச்சோலைக் கிராமத்திலிருந்து ஒருவர் தைலம் கொண்டுவந்து நீவினார். சேர்வராயன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டோம். கிதார் உறைக்குள் போனது. ரிசார்ட்டில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு வாக்கியத்தில் அவரை நான் எழுப்பி நிறுத்தியிருக்கலாம். 'அடிச்சது கரண்டுதானுங்க, கண்டென்சர்ல இருந்துச்சு.' அவ்வளவுதான். ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பயம் அவரை நல்ல மனிதராக்கிவிட்டது. சிலிண்டரை வலது கையால் அவரே உருட்டிவந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவினார். "அம்மிணி, நீ சாப்புட்டயா?" என்று கேட்டார். பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில்லை. ஒரு நாள் பனியில் நின்று துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து தன் சால்வையை என்மேல் போட்டு, "உன்னைய நொம்பப் படுத்திட்டேன். எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நீ தனியா என்ன பண்ணுவ" என்று அழுதார். நானும் அழுதேன். அவருக்கு ஒன்றும் ஆகாது என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தே அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்க அவர் கொஞ்சம் செத்துக்கொண்டிருந்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தோன்றவில்லை என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

மாசி பிறந்து, காப்பிப் பழம் பறித்து முடிந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை அவர் ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரிசார்ட்டுக்கு வந்திருக்கிற புது ஆளுக்கே குடுத்தர்றேன். இனி எனக்கெதுக்கு? நீ அன்னிக்கே பயாஸ்னு சொன்ன. உனக்குத்தான் தெரியும், சரி பண்ணிக் குடு அம்மிணி" என்றார். கிண்டல் இல்லை. திருப்புளியைக் கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

செய்தேன். பலகைமேல் ரப்பர் செருப்போடு நின்றேன், வளையலைக் கழற்றி வைத்தேன். ப்ளக்கைப் பிடுங்கி, கண்டென்சரில் ஒன்றும் மிச்சமில்லை என்று மீட்டரால் பார்த்தேன். மீட்டர் கொக்கிகளை அப்போதே மாட்டினேன். ஓடும்போது கொக்கி மாட்டக் கூடாது. ஸ்பீக்கர் ஒயர் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு ப்ளக்கைச் செருகி, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் மட்டும் பிளாஸ்டிக் திருப்புளியோடு காத்திருந்தேன். அளவு ஒரு வால்வுக்கு முப்பத்தைந்து மில்லிஆம்பில் நிற்க வேண்டும், எண்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. திருகைக் கால் சுற்று திருப்பினேன், பொறுத்தேன், இன்னும் கொஞ்சம் திருப்பினேன். தகட்டின் சிவப்பு மெல்ல அடங்கியது. பத்து நிமிடம் கழித்தும் முப்பத்தைந்து அசையவில்லை. மறு வால்வும் அப்படியே. கையைத் துடைத்துவிட்டுக் கிதாரை உறையிலிருந்து எடுத்துச் செருகி, எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு கம்பியை மீட்டினேன்.

அந்தக் கதகதப்பான குரல் அறை முழுக்க நின்றது. அவர் சுவரோரம் ஸ்டூலில் இருந்தார். அவர் முழங்கால்மேல் இடது கை தானாகவே சுரம் பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் நான்கும் சரியான இடத்தில் போய் விழுந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இனியும் ஊமையாக இருக்க என்னால் முடியவில்லை.

ஸ்டாண்ட்பையைத் தட்டினேன், செட்டை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினேன். மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பி, அதன் கொக்கியை ரப்பர் பிடியால் எடுத்துக் கண்டென்சருக்கு மாற்றினேன். ப்ளக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"ப்ளக்கு எங்கீங்க இருக்குது?"

"என்ற கையில."

"கரண்டு இருக்குதுங்களா?"

"எப்படி இருக்கும்? புடுங்கிட்டயே."

"மீட்டர்ல என்ன காட்டுதுன்னு படிங்க."

அவர் குனிந்து படித்தார். "நானூத்தி நாப்பது." கொஞ்ச நேரம் கழித்து, "நானூத்தி முப்பத்தொம்பது" என்றார். ப்ளக்கைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"அப்ப அது வாயு இல்ல."

"இல்லீங்க."

"நரம்பு..."

"நரம்புக்கு ஒண்ணுமில்லீங்க. கை நல்லாத்தான் இருக்குது."

சிரித்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழுந்து வாசலுக்குப் போய், "ரைட்டரே! ரைட்டரே!" என்று கூப்பிடக் கையைத் தூக்கினார். அந்தச் சந்தோஷத்திலேயே அவர் மூளை நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. தூக்கிய கை இறங்கியது. திரும்பி வந்தார்.

"இது உனக்குக் கம்பெனியிலயே தெரியும்."

"தெரியுமுங்க."

"அன்னிக்கு எதுத்தாப்புலதான உக்காந்திருந்த."

யூடியூப்பில் போன வாரம்தான் பார்த்தேன் என்று ஒரு பொய் நாலு மாதமாகத் தயாராக இருந்தது. அதை எடுக்க நாக்கு எழவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அந்த ரிசார்ட் ஹாலை இழுத்து நானும் கத்தியிருப்பேன், இருவருக்கும் பாரம் இறங்கியிருக்கும். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்துவிட்டு, சோற்று நேரத்துக்கு வந்து சாப்பிட்டார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் மறுபடியும் வாசிக்கிறார். முன்பைவிட நன்றாக வாசிக்கிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெருவில் அவர் மானம் திரும்பிவிட்டது. ரைட்டருக்குக் கண்டென்சர் பாடம் எடுத்தார், கடைக்காரருக்கும் எடுத்தார். அன்று எதிரே யார் உட்கார்ந்திருந்தது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மிணி என்ற சொல் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறார்.

போன வாரம் மழையில் கரண்டு போனது. அடுப்படி பல்பு ஹோல்டர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, கையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, இப்பக் கை வெக்கலாமுங்களா?"

ஹோல்டரில் கண்டென்சர் எதுவும் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"வெக்கலாமுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஸ்டூல்மேல் நின்றுகொண்டே, ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் கை வைத்தார்.